ஒப்புமை பொருந்தாத இடங்கள்

கருங்குழி
ஜூலை 9

மன்னிக்கு அதிதியின் நமஸ்காரம்.

நான் சௌக்கியம். ஹாஸ்டல் சாம்பார்தான் சௌக்கியமில்லை. நீங்களும் அண்ணாவும் எப்படி இருக்கிறீர்கள்? பி.எட். இரண்டாம் வருஷத்துப் பள்ளிக்கூடப் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. தீபாவளி வரை ஊருக்கு விடமாட்டார்களாம். போனை ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம்தான் கையில் தருகிறார்கள். அண்ணா எடுத்து, "சாப்டியா, பணம் வேணுமா" என்று இரண்டு கேள்வியில் முடித்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

பத்தாம் வகுப்புப் பெண்களுக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பின் சொந்த ஆசிரியை மேரி டீச்சர் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறார். எங்கள் பாடத்திட்டத் தாளில் ஒப்புமைக்கென்று ஒரு கட்டம் உண்டு. தெரியாததைத் தெரிந்ததோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம், 'ஒப்புமை பொருந்தாத இடங்கள்'. அதில் நாங்கள் எல்லோருமே 'இல்லை' என்று எழுதிவிடுவோம். சீனியர்கள் காட்டிக்கொடுத்த வழி. நேரம் மிச்சம்.

நேற்று இதயப் பாடம். கிணற்று மோட்டார் மாதிரி என்றேன். ஸ்வாதி என்று ஒருத்தி எழுந்து, "மிஸ், தொட்டி ரொம்புனா மோட்டார நிறுத்திடுவோம். இத எப்ப மிஸ் நிறுத்துவாங்க?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "நிறுத்துனா பால் ஊத்திடுவாங்கடி" என்றாள். வகுப்பு சிரித்து அடங்கவே மணி அடித்துவிட்டது. மேரி டீச்சர் என் 'இல்லை'யைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார்.

என் பழைய பாடப் புத்தகங்களை என்னைவிட ஒழுங்காகப் படித்தவர் நீங்கள். சமையலறையிலிருந்தும் கோயிலிலிருந்தும் எனக்கு நாலு ஒப்புமை அனுப்புங்கள்.

உங்கள் அதிதி

---

ஸ்ரீ
மாமல்லபுரம்
ஆடி 5

சௌபாக்கியவதி அதிதிக்கு மன்னி கோமளத்தின் ஆசீர்வாதம். ஸ்தலசயனப் பெருமாள் கடாட்சத்தில் இங்கே பொழுது நல்லபடி போகிறது. உன் சாம்பாருக்காகப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

மாதக் கணக்கில் வரவு ஒரு பத்தி, செலவு ஒரு பத்தி போடுவேனே, அந்த மாதிரி உன் மோட்டாரைப் போட்டுப் பார்த்தேன். தேறுவது: இழுக்கிறது, தள்ளுகிறது, குழாய் இருக்கிறது. தேறாதது: மோட்டாருக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது. காயில் கருகினால் மெக்கானிக் எல்லப்பன் வந்து கட்டிக் கொடுப்பான். சுவிட்சு உண்டு. எழுத எழுத இந்தப் பத்திதான் நீண்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவிட்சே இல்லாத ஒன்றை யாரம்மா ஓட்டிவிட்டது?

ஒன்று கேட்கிறேன். வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கு இதயம் முதல்முதலாக எப்போது அடிக்கும்? உன் புத்தகத்தில் தேடினேன், போட்டிருக்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் அண்ணா திடீரென்று குழாயடியிலிருந்து குடம் தூக்கி வருகிறார். "இதென்ன புதுசா" என்றால், "எக்ஸர்சைஸ்டி" என்கிறார். அடுத்த தெரு சுராயா அவரைப் பார்த்து, "இன்னா சாமி, எங்கக்காவ ராணி ஆக்கிட்டீங்களா" என்று கேட்டாளாம். எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்லை. செங்கல்பட்டில் டாக்டரிடம் காட்டுகிறோம். கவலைப்பட ஒன்றுமில்லை.

மதுராந்தகம் உனக்குப் பக்கம்தானே. ஏரி காத்த ராமர் சந்நிதியில் என் பேரில் ஒரு நெய்விளக்கு ஏற்று. எதற்கென்று கேட்காதே.

மன்னி

---

கருங்குழி
ஜூலை 30

அன்புள்ள மன்னிக்கு நமஸ்காரம். வயிறு இப்போது தேவலையா? மோர் நிறையச் சாப்பிடுங்கள்.

விளக்கு ஏற்றிவிட்டேன். உங்கள் பேரும் நட்சத்திரமும் சொன்னேன். கோயிலிலிருந்து ஏரிக்கரை மேல் கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு பக்கம் அவ்வளவு தண்ணீர், மறு பக்கம் தாழ்வில் வயலும் வீடும். நடுவில் வெறும் மண்கரை. ராமர் வேண்டியதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முன்பு இரண்டு தடவை அப்படி ஆன பிறகு, இந்தப் பேச்சை உங்களிடம் எடுக்கலாமா என்று தயங்கினேன். நீங்களே கேட்டதால் எழுதுகிறேன். கரு உண்டாகி மூன்று வாரம் முடியும்போதே அடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அப்போது சிசுவின் முழு உடம்பே எள்ளளவுதான். யாரும் ஓட்டிவிடுவதில்லை. செல்களே தானாகத் துடிக்கின்றன. ஒன்று துடிக்க, பக்கத்தில் இருப்பது அதோடு சேர்ந்துகொள்ள, எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. இதைக் கல்லூரியில் வீடியோவில் இரண்டு தடவை போடச் சொல்லிப் பார்த்தோம்.

இன்னொன்று. தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதே இல்லை. நடுவில் நஞ்சுக்கொடி இருக்கிறது. சாப்பாடும் காற்றும் அதைத் தாண்டி உள்ளே போகின்றன, கழிவு வெளியே வருகிறது. இதற்கு ஒரு ஒப்புமை வேண்டும். சல்லடை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் அதிதி

---

ஸ்ரீ
மாமல்லபுரம்
ஆடி 28

சௌ. அதிதி, நீண்ட ஆயுசோடு இரு. உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். ஏரிக்கரை பற்றி நீ எழுதியதையும்.

ஒரு சொட்டுக்கூடக் கலக்காதா? அப்படியென்றால் தாய் எவ்வளவு பக்கத்தில் இருந்தும் வாசலில் நிற்கிறவள்தான். சல்லடை வேண்டாம். சந்நிதி என்று சொல். நாம் கர்ப்பக்கிருகத்துக்குள் போவதில்லை, பெருமாளும் வெளியே வருவதில்லை. துளசியைப் பட்டாச்சாரியார் கையில் கொடுக்கிறோம். அது உள்ளே போய்ச் சேருகிறது, தீர்த்தம் நமக்கு வந்து சேருகிறது. அவர்தான் உன் நஞ்சுக்கொடி.

தேறாதது இதிலும் உண்டு. நம் பட்டாச்சாரியார் மத்தியானம் நடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அது நடை சாத்துவதே இல்லை. தாய் தூங்கும்போதும் ஆராதனை நடந்துகொண்டே இருக்கிறது. இதைத் தாளிக்கும்போது நினைத்தேன். நினைத்ததில் கடுகு கருகிவிட்டது. கடுகு வாசனையே இப்போது ஆகவில்லை, அது வேறு விஷயம்.

நேற்று சுராயா ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்கவேயில்லை. "வாய்க்கு நல்லாருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்கு எப்படித்தான், சரி, அதை விடு.

அடுத்து என்ன பாடம் என்று எழுது.

மன்னி

---

கருங்குழி
ஆகஸ்ட் 27

என் மன்னிக்கு, இங்கே மழை, சௌக்கியம், சந்தோஷம் மூன்றும்.

சந்நிதி ஒப்புமை அபாரம். வகுப்பில் ஆயத் என்ற பெண், "மிஸ், எங்க தர்காவுலயும் அப்டிதான், மல்லிப்பூவ வாங்கினு போயி வெப்பாங்க" என்றாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் இந்த வாரம் நானே ஒன்று கண்டுபிடித்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பாடம் முடிகிற நேரத்தில் அதே ஆயத், "செல பேருக்குக் கொழந்த நிக்க மாட்டேங்குதே, ஏன் மிஸ்?" என்று கேட்டாள். மேரி டீச்சர் அன்று லீவு. நம் கொல்லைத் தென்னை சட்டென்று ஞாபகம் வந்தது. "தென்னை எல்லாப் பூவையும் காயாக்குமா? குரும்பையாகவே எவ்வளவு உதிர்கிறது? தாங்க முடியாததை மரம் உதிர்த்துவிடும். அது மரத்துக்கு நல்லது" என்றேன். ஆயத் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மற்ற பயிற்சி ஆசிரியர்கள் எல்லோரும் இதைத் தாளில் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரிக் கருத்தரங்கில் சிறந்த ஒப்புமை என்று நான் பேசப்போகிறேன். பொருந்தாத இடங்கள்? 'இல்லை'. இந்தத் தடவை நிஜமாகவே இல்லை. பந்தயம். உங்கள் இரண்டு பத்தியைப் போட்டுப் பாருங்கள்.

மன்னி, உங்களுக்கும் இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

அதிதி

---

கருங்குழி
செப்டம்பர் 14

மன்னிக்கு நமஸ்காரம். உடம்பு எப்படி இருக்கிறது?

என் கடிதம் வரவில்லையா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "மன்னி படுத்துண்டிருக்கா, அப்புறம் பேசு" என்று அண்ணா வைத்துவிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணா அதைக் கேட்காமல் போனை வைத்து நான் பார்த்ததில்லை.

பந்தயத்தில் தோற்றுவிட்டதால் எழுதாமல் இருக்கிறீர்களா? பரவாயில்லை, தோற்றால் மன்னிக்கு அபராதம் கிடையாது. ஒரு வரி போடுங்கள்.

அதிதி

---

மாமல்லபுரம்
புரட்டாசி 4

அதிதிக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். எழுந்திருக்கக் கூடாது. சுராயா வந்து வாசல் தெளித்துவிட்டுப் போகிறாள்.

கொல்லைப் பக்கத்து அறையில் படுத்தால் குரும்பை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கிறது. ஒவ்வொன்றும் கேட்கிறது. கட்டிலை முன்கட்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.

பந்தயத்துக்கு நான் வரவில்லை.

கோமளம்

---

கருங்குழி
அக்டோபர் 1

மன்னிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஆயத் என்னைத் தேடி வந்தாள். "மிஸ், எங்கம்மாவுக்குப் போன மாசம் கலஞ்சிட்ச்சு. அன்னைலேர்ந்து அயுதுகினே கீது. நா போயி நீங்க சொன்ன தென்னமரத்தச் சொன்னேன்" என்றாள். "அம்மா என்ன சொன்னாங்க?" என்றேன். "மரம் அயுவுமாடின்னு கேக்குது. இன்னா மிஸ் சொல்றது?"

மேரி டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு வகுப்புல சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் பலகையில் உங்கள் மாதிரி இரண்டு பத்தி போட்டேன். முதல் பத்தியில் என் தென்னை. இரண்டாவதை நீங்களே சொல்லுங்கள் என்று பெண்களிடம் விட்டேன். "மரத்துக்கு ஆசயில்ல மிஸ்" என்றாள் ஸ்வாதி. "மரம் பேரு யோசிச்சி வெக்காது." "மரத்த யாரும் இன்னாமா இன்னும் விசேஷம் இல்லயான்னு கேக்க மாட்டாங்க." பலகையின் அடிவரைக்கும் போய்விட்டது. பதினைந்து வயசுப் பெண்கள், மன்னி. ஆயத் கடைசியில் எழுந்து, "மரம் உதுத்துடும்னு சொன்னீங்க. எங்கம்மா உதுக்கல மிஸ். புடிச்சிகினுதான் இருந்துச்சு" என்றாள்.

அதை எழுத இடமில்லாமல் பலகையின் ஓரத்தில் நெடுக்காக எழுதினேன்.

பிறகு அவர்களுக்குச் சரியானதைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே கலைவதில் பாதிக்கு மேல், முதல் செல் உண்டாகும்போதோ அது இரண்டாகி நாலாகும்போதோ மரபணுவின் எழுத்து பிசகிப்போவதால் வருவது. தாய் நடந்ததாலோ, குடம் தூக்கியதாலோ, எதையோ நினைத்து வருத்தப்பட்டதாலோ அல்ல. தாங்க முடியாதவள் என்று யாரும் இதில் இல்லை. எழுத்து என்று சொன்னதும் ஒப்புமைதான். அது எங்கே நிற்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

அறைக்கு வந்து உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். குடம், எலுமிச்சம்பழம், கடுகு வாசனை, கட்டில். மன்னி, நான் எதையும் கேட்கப்போவதில்லை. நாளைக்கு மதுராந்தகம் போகிறேன். விளக்கு எதற்கென்று இப்போதும் கேட்கமாட்டேன்.

அதிதி

---

ஸ்ரீ
மாமல்லபுரம்
ஐப்பசி 6

சௌபாக்கியவதி அதிதிக்கு மன்னியின் மனம் நிறைந்த ஆசீர்வாதம். எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உட்காரலாம் என்று உத்தரவாகிவிட்டது.

நீ கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். ஐந்து மாதம் பூர்த்தியாகிவிட்டது. அது வரை யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று உன் அண்ணாவும் நானும் பெருமாள் முன்னால் சொல்லிக்கொண்டோம். முதல் இரண்டு தடவையும் தெருவுக்கே சொன்னோம். பிறகு தெருவே துக்கம் கேட்க வந்தது. அதை இன்னொரு தடவை என்னால் முடியாது.

உன் மேல் கோபம் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். உன் தென்னை வந்த வாரம்தான் கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. நல்லது என்று நீ எழுதிய அந்த வரியை நான் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேனா, கிழித்தேனா என்பது எனக்கே ஞாபகமில்லை. ஆயத் சொன்னதைப் படித்ததும்தான் அழுகை வந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அவள் கூடப்பிறந்தவள்.

நேற்று செங்கல்பட்டில் ஸ்கேன். திரையில் காட்டி, "சத்தம் வெக்கிறேன், கேளுங்கம்மா. குதிரை ஓடற மாதிரி கேக்குதா?" என்றார் டாக்டர். உன் அண்ணா, "தவில்னா இது" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வெளியே என்ன இருக்கிறதென்று கேட்டால் பார்க்கிங் என்கிறார். எனக்குக் குதிரையும் தோன்றவில்லை, தவிலும் தோன்றவில்லை. வயிற்றில் களிம்போடு படுத்தபடியே கை கூப்பினேன். நர்ஸ், "கைய எறக்குங்கம்மா, படம் ஆடுது" என்றாள். கையை இறக்கிவிட்டேன், உள்ளே கூப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்று செய். தாய் செய்த எதனாலும் இல்லை என்று எழுதினாயே, அது அச்சில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு. நீ சொன்னால் நம்பமாட்டேன் என்பதல்ல. என் கண்ணால் பார்க்க வேண்டும். ஆயத்தின் அம்மாவுக்கும் ஒன்று கொடு.

மன்னி

---

கருங்குழி
நவம்பர் 25

அன்புள்ள மன்னிக்கு, எனக்குக் குறையொன்றும் இல்லை. உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? தீபாவளிக்கு வந்தபோது, மற்றவர்கள் எதிரில் உங்கள் வயிற்றைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க நான் பட்ட பாடு பெருமாளுக்குத்தான் தெரியும்.

நகல் இத்துடன் இருக்கிறது. இரண்டாவது பத்தியில் கோடு போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பதால் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். ஆயத்தின் அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்து வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது, மகளை விட்டுப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "இன்னொருக்கா படிடி" என்றார். ஆயத் மூன்றாம் தடவை படித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கருத்தரங்கில் தென்னையைச் சொன்னேன். அதற்கு மூன்று நிமிடம் ஆனது. பெண்கள் சொன்ன இரண்டாவது பத்தியைப் படித்து முடிக்கப் பேராசிரியர் மணியடித்தும் போதவில்லை. பரிசு வேறொருவருக்குப் போனது. மின்னோட்டத்தைத் தேர்த்திருவிழாக் கூட்டம் என்று சொன்னவர், நன்றாகத்தான் சொன்னார். மேரி டீச்சர் என் பயிற்சி ஏட்டில் கையெழுத்துப் போடும்போது, "டீச்சராயிட்டே" என்றார்.

கடல் பொங்குகிறது, புயல் வரும் என்கிறார்கள். அண்ணாவை மருந்தெல்லாம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குரும்பை விழுந்தால் விழட்டும் மன்னி. அது தென்னையின் விஷயம்.

உங்கள் அதிதி

---

ஸ்ரீ
செங்கல்பட்டு
மாசி 22

அதிதிக்கு உன் மன்னி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம்.

மூவரும் என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் விடிகிற நேரத்தில் பிறந்தாள். உன் அண்ணா போனில் சொல்லியிருப்பார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "பொண்ணு, ரெண்டு பேரும் சௌக்கியம்னு சொன்னேன், வேறென்ன இருக்கு" என்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருக்கிறார். ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

வருகிறவர்கள் எல்லோரும் உன் வேலையைத்தான் செய்கிறார்கள். மூக்கு உன் அண்ணா மாதிரி என்கிறார் ஒருவர். நெற்றி உன் மாதிரியாம். சுராயா பஸ் ஏறி வந்து, தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னாக்கா இது, அப்டியே பலாச்சுளையாட்டம் கீது" என்றாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு துணியை விலக்கிப் பார்த்தேன். கையை விரித்தாள், மூடினாள். நகம் முளைத்துத்தான் வந்திருக்கிறது. இத்தனை மாதம் நான் வாசலில் நின்று துளசி கொடுத்துக்கொண்டிருந்தது இவளுக்குத்தானா என்று நினைத்தேன். அந்த நினைப்பும் பாதியில் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து என் பக்கம் பார்த்தாள். எனக்கு இரண்டு பத்தியும் மறந்துபோனது.

பதினோராம் நாள் புண்யாஹவாசனம், பேர் வைக்க வேண்டும். வார்டனிடம் சொல்லிவிட்டு முதல் நாளே கிளம்பி வா. பஸ்ஸில் வரும்போது அவள் எதைப் போல இருப்பாள் என்று யோசித்துக்கொண்டு வராதே. கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கிக்கொள்.

கோமளம் மன்னி